சாமான் அறைக்காரரின் பல்வலி

அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கும் நினைவில்லை. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். தடித்தடியான நாவல்களைக் காதால் கேட்கும் அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பது அவள் வேலை. படித்து முடிக்க மாதக்கணக்கில் பிடிக்கும் புத்தகம் அவள் கையைத் தாண்டி வரும்போது ஒரு நீண்ட பேருந்துப் பயணத்தில் கேட்டு முடிக்கிற அளவுக்கு வற்றியிருக்கும். வண்டி ஓட்டுகிறவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், கண்பார்வை மங்கியவர்கள் எல்லாம் கேட்டார்கள். வாசிக்கிறவரின் பெயர் அட்டையில் வரும். சுருக்கியவளின் பெயர் வராது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. கவனமானவள். கெட்டிக்காரர்கள் இந்த வேலையில் நிலைத்ததில்லை. கொஞ்ச நாளில் ஆசிரியரைத் திருத்தப் போய்விடுவார்கள். அவளோ, வெட்டிய இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதற்கு எவ்வளவு நூல் வேண்டுமோ அவ்வளவுதான் சொந்தமாக எழுதுவாள். "அன்று மாலை அவன் வீடு திரும்பினான்." "மழை விட்டிருந்தது." அந்த மாதிரி.

வேலை முறையும் ஒன்றுதான். மேசைக்கு மேலே, ஜன்னலின் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பி வரை ஒரு கயிறு கட்டியிருந்தாள். நாவலில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் துண்டு, அதில் அவர் யார் என்று ஒரு வார்த்தை, அதைத் துணி உலர்த்தும் கிளிப்பால் கயிற்றில் மாட்டிவிடுவாள். நாயகன் நடுவில். மற்றவர்கள் அவனுக்கு எவ்வளவு வேண்டியவர்களோ அவ்வளவு பக்கத்தில். பிறகு ஓரத்திலிருந்து தொடங்குவாள். ஒவ்வொரு துண்டையும் பார்த்து ஒரே கேள்விதான்: இந்த ஆள் வராமலே போனால் நாயகனுக்கு என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்று மனம் சொன்னால், கிளிப்பைக் கழற்றித் துண்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். எத்தனையோ நாவல்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், தபால்காரர்கள், கல்யாணத்துக்கு மட்டும் வந்து போன அத்தைகள் எல்லாம் அந்த டப்பாவில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். கூடத்தில் யாராவது வேலையை விட்டுப் போனாலும் "டப்பாவுக்குப் போயாச்சு" என்றுதான் சொல்வது வழக்கம்.

அந்தக் கேள்வியில் ஒரு குறை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பதில்கள் சரியாக வந்துகொண்டிருக்கும் வரை கேள்வியின் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

வீட்டில் நான்கு பேர். கணவர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுபவர். விடியும் முன்பே போய், ஊர் சாப்பிட உட்காரும் நேரத்தில் திரும்பிவிடுவார். மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். நான்காவது ஆள் சித்தப்பா, அவளுடைய அப்பாவின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அமையல" என்று பஸ்ஸைத் தவறவிட்டவர் போலச் சொல்வார். அண்ணன் இருந்தவரை அண்ணன் வீட்டில் இருந்தார். அவர் போனபின் ஒரு பெட்டியோடும் ஒரு கருவிப் பையோடும் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தார். சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவருக்கு. வீடு ஐந்தாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. சித்தப்பா அதில் கால் வைக்க மாட்டார்.

"லிஃப்டை நம்பறவங்கெல்லாம் அதைத் திறந்து உள்ள பாக்காதவங்க" என்பார்.

இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டியதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கிடைத்த புது வீடு மகளின் படிப்புக்குப் பக்கம், கணவரின் வேலைக்கும் தூரமில்லை. எல்லாம் பொருத்தம், ஓர் அறை மட்டும் குறைவு. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கே கட்டிலைப் போடலாம், எங்கே அலமாரியை வைக்கலாம் என்று பேசும்போதெல்லாம் பேச்சு ஓர் இடத்தில் வந்து முட்டி நின்றது. ஒரு நாள் சாப்பிடும்போது சித்தப்பாவே அதை எடுத்தார். கடலோர ஊரில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தனியாக இருக்கிறார். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தான் வேண்டுமானால் அங்கே போய்விடுவதாகச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தண்ணீரை இந்தப் பக்கம் நகர்த்து என்று கேட்பது போலத்தான் இருந்தது.

கணவர் தட்டைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான் சித்தப்பா" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். மிச்சத்தைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கணவர் பக்கத்தில் வந்து, "டப்பாவுல போட்டுட்டே போல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

"நானா போகச் சொன்னேன்? அவரேதானே சொன்னாரு."

"அவரு சொன்னாரு, நீ சரின்னுட்டே. ரெண்டும் ஒண்ணா?"

மாதக் கடைசியில் வீடு மாற வேண்டும். அதற்குள் சித்தப்பா கிளம்பிவிடுவார், அவள் வேண்டாம் என்று சொன்னாலொழிய. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் மேசையில் இருந்தது ஒரு பெரிய நாவல். கதை எளிமையானது. அப்பாவின் சொத்து முழுவதையும் ஏமாற்றி எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன அண்ணனைத் தேடித் தம்பி கிளம்புகிறான். கண்டுபிடித்தால் நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்று வைராக்கியம். வழியெல்லாம் ஆட்கள். புத்தகத்தின் பாதியை அந்த ஆட்கள்தான் சாப்பிட்டிருந்தார்கள். கயிறு போதாமல் இரண்டாவது வரிசை கட்ட வேண்டியதாயிற்று.

அதில் ஒரு துண்டு, சாமான் அறைக்காரர். ஒரு ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறவர். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருக்கிறார். கடைவாய்ப் பல்லில் வலி. நாயகனுக்கு வேறு யாருடைய பெட்டியையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அது தெரிந்து அவன் திரும்பி வந்து கத்துகிறான். கத்தக் கத்த அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஒவ்வொரு பெட்டியாகத் தேடுகிறார். நீங்கள் ஏன் பதிலுக்குக் கத்தவில்லை என்று அவன் கடைசியில் கேட்கிறான். கத்தினால் எனக்குத்தான் தம்பி வலிக்கும் என்கிறார் அவர். அதற்குள் ரயில் போய்விட்டது. அவ்வளவுதான். நான்கு பக்கம், அதிலும் பாதி பல்வலி வர்ணனை. அப்புறம் அந்த மனிதர் நாவலில் தலைகாட்டவே இல்லை.

அவள் கேள்வியைக் கேட்டாள். நாயகனுக்கு என்ன குறையும்? ஒரு ரயில் குறையும். அதைத் தைத்துக்கொள்ளலாம். "அவன் அடுத்த ரயிலில் ஏறினான்" என்று எழுதிவிட்டுத் துண்டைக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

வாசிப்பவர் முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவர். அதனால் அவருக்குப் பெயரே அறிவிப்பு. கனத்த குரல். எதை வாசித்தாலும் கேட்பவர்கள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கையைத் தூக்கினார். ஒலிப்பதிவாளர் நிறுத்தினார்.

"தங்கச்சி, கொஞ்சம் உள்ள வா. இவன் எதுக்கு இப்ப கன்னத்தைப் பிடிச்சுக்கறான்?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அண்ணன் வீட்டுக் கதவு திறக்கிறது. அண்ணன் நிற்கிறான், தலை நரைத்து, கண்ணாடி போட்டு. நாயகனின் கை தானாக எழுந்து அவன் கன்னத்தைப் பொத்துகிறது. அவன் சிரித்துவிடுகிறான். உள்ளே போகிறான். முற்றும்.

"இத்தனை வருஷக் கோபம்" என்றார் அறிவிப்பு. "தேடிக் கண்டுபிடிச்சு வந்து நிக்கறான். கதவும் திறந்தாச்சு. பாத்தா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறான். எந்தக் குரல்ல சிரிக்கறதுன்னே எனக்குத் தெரியல. பைத்தியக்காரன் சிரிப்பா, பல்வலிக்காரன் சிரிப்பா?"

அவளுக்குக் காது சூடாயிற்று. பல்வலிக்காரர் டப்பாவில் இருந்தார். அவருடைய கை மட்டும் தப்பித்து, இத்தனை அத்தியாயம் கடந்து வந்து, நாயகனின் கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய பிழை அது. ஆளை எடுத்துவிட்டு அவர் விட்டுச்சென்றதை எடுக்க மறப்பது.

சரிசெய்வது ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். கன்னத்தையும் சிரிப்பையும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அறிவிப்பு மனசுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா இவன் ஏன் உள்ள போறான்?"

"அண்ணன்தானே அண்ணே."

"அண்ணன்ங்கறது ரயில் ஏறும்போதே தெரியுமே."

அவள் தாளை எடுத்துக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். அவர் சொன்னது சரி. கதை முடிய வேண்டும் என்பதைத் தவிர, அவன் உள்ளே போவதற்கு இப்போது வேறு காரணமே இல்லை. முழு நாவலையும் மறுபடி புரட்டினாள். அண்ணனை மன்னிக்கும்படி நாயகனுக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருந்தார்கள்: ஒரு நீதிபதி, ஒரு சாமியார், அவன் காதலித்த பெண். அத்தனை பேரும் கயிற்றில் நாயகனுக்குப் பக்கத்தில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது எதுவும் அந்தக் கதவுவரை வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது, புத்தி சொல்லும் உத்தேசமே இல்லாத ஒருவரின் வீங்கிய கன்னம்.

டப்பாவைத் திறந்து தேடி, சாமான் அறைக்காரரை எடுத்து மறுபடி மாட்டினாள். நான்கு பக்கம் உள்ளே வந்தால் நான்கு பக்கம் வெளியே போக வேண்டும். நாயகன் ஒரு குன்றின் மேல் தனியாக உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி நீளமாக யோசிக்கிற அத்தியாயம் ஒன்று இருந்தது. தன்னைப் பற்றி அவன் தானே கண்டுபிடித்த உண்மைகள் எல்லாம் அதில் இருந்தன. அதை எடுத்தாள். ஒன்றும் குறையவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் சித்தப்பாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கவனித்துப் பார்த்தாள். அவருடைய கை எங்கே, யாருடைய கன்னத்தில் இருக்கிறது என்று தேடினாள். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அவரைப் போகவிடாமல் நிறுத்த ஒரு காரணம் ஆயிற்று. தன் வாயால் சொன்னதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி ஆயிற்று.

தேடியதில் அகப்பட்டவை இவை. தண்ணீர் நிற்கும் முன்பே வாளிகளை நிரப்பி வைத்துவிடுவார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேசையில் வைப்பார். யாரும் இல்லாத அறையில் விசிறி ஓடினால் நிறுத்துவார். மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லும் எலும்புகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார், தூங்கிவிடும் வரை. செய்தித்தாளில் வானிலையை மட்டும் சத்தமாக வாசிப்பார்.

அவ்வளவுதான். நேர்மையாகப் பார்த்தால் அதில் எதுவுமே இல்லாவிட்டால் வீடு நின்றுவிடாது. வாளியை அவளே நிரப்பலாம். ஆரஞ்சைப் பசித்தவர்கள் உரித்துக்கொள்வார்கள். வானிலை எப்படியும் வரும். ஒரு நாவலாசிரியர் காரணம் இல்லாமல் ஒருவரைக் கதைக்குள் உட்கார வைக்க மாட்டார், வீடு காரணம் இல்லாமலும் வைத்துக்கொள்ளும். அவளுக்குத் தேடத் தேட எரிச்சல்தான் வந்தது. முதலில் அவர்மேல், பிறகு தன்மேல். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கயிறு கட்டி, நடுவில் தன்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்பாவின் தம்பி எந்த ஓரத்தில் வருகிறார் என்று அளந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாவலில் நாயகன் யார் என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். இந்த வீட்டில் அதை யார் முடிவு செய்தது?

மறுநாள் கணவரிடம் சொன்னாள். புது வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பதிலாக ஒரு கட்டில் போட்டுவிடலாம், சித்தப்பா அங்கே படுத்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் போகக் கூடாது என்றாள்.

"சோபாவைத் தூக்கிக் கொடுத்துடலாம்" என்றார் கணவர். "அதுல உக்காந்து நான் என்னத்தைக் கண்டேன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அவருகிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்க என்ன இருக்கு? சந்தோஷப்படுவாரு."

"கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தூங்கப் போனார்.

சித்தப்பா காலையில் கடைக்குப் போய்விட்டுப் படியேறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்காருவார். அங்கே ஒரு ஜன்னல் உண்டு, காற்று வரும். அவள் அங்கே போய் அவருக்கு முன்பே உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்தார், பையைக் கீழே வைத்தார், அவளைப் பார்த்தார், லிஃப்ட் நின்றுவிட்டதா என்று கேட்டார். கேட்ட குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

"நிக்கல. உங்ககிட்ட பேசணும்."

அவள் கட்டிலைப் பற்றிச் சொன்னாள், சோபாவைப் பற்றிச் சொன்னாள். அன்று சாப்பிடும்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டதாகவும், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், அவர் எங்கேயும் போகத் தேவையில்லை என்றும் சொன்னாள். தயாரித்து வைத்திருந்ததைவிட நீளமாகவே பேசினாள். அவர் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதும்மா" என்றார் கடைசியில். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்துச்சு. நாக்கு அந்த ஓட்டையையே தேடிப் போகுமில்ல, அப்படி. ராத்திரி பூரா அதுவும் சரிதான், அதுவும் சரிதான்னு காதுல கேட்டுட்டே இருந்துச்சு."

அவள் தலை குனிந்தாள்.

"அப்புறம் வலி போயிடுச்சு. லேசா இருந்துச்சு. எனக்கே ஆச்சரியம்." பாதிப் பழத்தை அவளிடம் நீட்டினார். "ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"அவன் ஒரு குடை ராட்டினம் வாங்கி வச்சிருக்கான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கினார். கடலோர ஊரில் அவருடைய நண்பர், யாரோ வேண்டாம் என்று தள்ளிய பழைய குடை ராட்டினம் ஒன்றை வாங்கித் தன் வீட்டுக் கொல்லையில் போட்டு வைத்திருக்கிறார். மரக்குதிரைகள் எல்லாம் நல்ல நிலையில். மோட்டார்தான் செத்துவிட்டது, நடு அச்சும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து சரிசெய்து கடற்கரையில் நிறுத்தி ஓட்டலாம் என்று அவர் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார். அச்சின் படத்தைக்கூட அனுப்பியிருந்தார். சித்தப்பா அதைப் பார்த்துப் பார்த்து, எப்படி நிமிர்த்தலாம் என்று மனதுக்குள்ளேயே பலமுறை நிமிர்த்தி முடித்துவிட்டார்.

"வேலை பாத்த காலம் பூரா ஜனங்களை மேலயும் கீழயும் அனுப்பிட்டு இருந்தேன்" என்றார். "இனிமே கொஞ்சம் சுத்தி விடலாம்னு."

சிரிக்க மாட்டேன் என்று சொன்னவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அவள் கேட்டாள், அவ்வளவு ஆசை இருந்தால் ஏன் இத்தனை நாள் போகவில்லை, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று.

அவர் தோலைப் பைக்குள் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சப்படுவது போல இருந்தது.

"நான் இல்லேன்னா நீங்கள்லாம் கஷ்டப்படுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். "வாளியை யாரு ரொப்புவா, பிள்ளை படிக்கறப்ப கூட யாரு உக்காருவா. உங்க அப்பாவும் போயிட்டாரு, நான்தான் பெரியவன், விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. அன்னிக்கு அந்தப் பேச்சை எடுத்ததே சும்மாதான். யாரும் விட மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். நீ சரின்னுட்டே." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீ மட்டும் அன்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் புது வீட்டுல இருந்துட்டு அச்சோட படத்தைப் பாத்துட்டே இருந்திருப்பேன்."

குற்றம் செய்தவளாக இந்தப் படிக்கு வந்தவளை அவர் குற்றவாளியாகவும் விடவில்லை, புண்ணியவதியாகவும் ஆக்கவில்லை. தன் கதையின் நடுவே இவரை எங்கே வைப்பது என்று நாள்கணக்கில் குழம்பியிருந்தாள். அவருடைய கதையில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வரி. சாப்பாட்டு மேசையில், யோசிக்காமல் சொன்ன வரி. அதை வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அதற்காகப் பெருமைப்படவும் முடியாது. தெரிந்து சொன்னதாக இருந்தால் பெருமைப்படலாம். அவள் ஓர் அறையை மனதில் வைத்துக்கொண்டு அல்லவா சொன்னாள்.

"கட்டில் போட்டே வைக்கறேன்" என்றாள். "ராட்டினம் நின்னு போச்சுன்னா வந்துடணும்."

"நான் ரிப்பேர் பண்ணினது நிக்காது" என்றார். பிறகு நேர்மை அவரை விடவில்லை. "நின்னா வரேன்."

மேலே ஏறும்போது, வேலையில் புதிதாக என்ன புத்தகம் என்று கேட்டார். அவள் நாவலைப் பற்றியும் சாமான் அறைக்காரரைப் பற்றியும், அவரை டப்பாவில் போட்டு மறுபடி எடுத்ததைப் பற்றியும் சொன்னாள். அறிவிப்பு கேட்ட கேள்வியையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். சித்தப்பா ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே கேட்டார். ஐந்தாவது மாடிக் கதவுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார்.

"அந்த ஆளுக்குப் பல்வலி சரியாச்சா?"

"அது நாவல்ல இல்ல சித்தப்பா."

"எழுதினவருக்குத் தெரியல போல" என்றார் அவர். "அந்த ஆளு வேலை முடிஞ்சு சாயங்காலமே போய்ப் பிடுங்கியிருப்பாரு. இவனையா நினைச்சுட்டு உக்காந்திருப்பாரு?"

அவர் கிளம்பிய நாள் காலை நல்ல வெயில். வானிலையை அவர் சத்தமாக வாசித்தார்; கடலோரத்தில் காற்று அடிக்கும் என்று போட்டிருந்தது, அதை இரண்டு முறை வாசித்தார். மகள் அவரிடம் கை எலும்புகள் எல்லாவற்றையும் தவறில்லாமல் ஒப்பித்துக் காட்டினாள். அவர் தூங்காமல் கேட்டார். கணவர் அன்றைய சுற்றைச் சீக்கிரம் முடித்து வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ரயில் நிலையம் வரை ரொட்டி வாசனையோடு பயணம் என்று கேலி செய்தார். கருவிப் பையைச் சித்தப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. பெட்டியை மட்டும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னிக்காவது லிஃப்ட்ல வாங்களேன்."

"போற நாள்ல மாட்டிக்கிட்டு நிக்கவா? நீ போ. நான் வரேன்."

அவள் பெட்டியோடு லிஃப்டில் இறங்கினாள். அது வழக்கம்போல இரண்டாவது மாடியில் ஒருமுறை முனகிவிட்டு, பிறகு ஒழுங்காகத் தரைக்கு வந்தது. கீழே யாரும் இல்லை. இடிக்கப் போகிற கட்டடம் என்பதால் பாதிக் குடித்தனங்கள் ஏற்கெனவே காலி செய்திருந்தன. வெளியே வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காலருகே வைத்து, கைப்பிடியில் ஒரு கை போட்டபடி நின்றாள். பழைய பெட்டி, அப்பா வீட்டிலிருந்து அவர் வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி. மூலையில் தகரம் பெயர்ந்து விரலில் கீறியது.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாடி இறங்கி, நின்று, மறுபடி ஒரு மாடி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது. அவள் கூப்பிடவில்லை. ரயிலுக்கு நேரமிருந்தது.

கடைசிப் படியில் அவர் வந்தார், கருவிப் பை தோளில், முகமெல்லாம் வியர்வை. பெட்டிக்குக் கையை நீட்டினார். அவள் கைப்பிடியை உடனே விடவில்லை.

"உங்க பெட்டிதானான்னு சரியா பாத்துக்கங்க" என்றாள்.

அவர் குனிந்து, மூலைத் தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னோடதுதான்" என்று வாங்கிக்கொண்டார்.